வெளிநாட்டு ஓப்பன் செஸ் போட்டியைப் புதுச்சேரியிலிருந்து பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து புதுச்சேரி, கடலூர் பக்கம் செஸ் பார்க்கிற கூட்டம் கூடிவிட்டது. ஆனால் உலக சாம்பியன் போட்டி என்பது ஒரு மேசை, இரண்டு பேர். பார்ப்பது சுலபம். ஓப்பன் போட்டி அப்படியில்லை. நூற்றுக்கணக்கான பேர் ஒரே அரங்கில் ஆடுவார்கள், பட்டியலைத் திறந்தாலே தலை சுற்றும். நண்பர்களும், பிள்ளைகளை செஸ் வகுப்புக்கு அனுப்புகிற பெற்றோர்களும் என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓப்பனை முதல் மேசையில் பார்க்காதீர்கள். பட்டியலின் நடுவில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சுற்று வரை அவர் பின்னாலேயே போங்கள்.

ஓப்பன் என்றால் என்ன? சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் ஓப்பன்தானே?

இல்லை. சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் அழைப்புப் போட்டி. குறிப்பிட்ட சிலரை மட்டும் கூப்பிட்டு, எல்லாரும் எல்லாருடனும் ஒரு முறை ஆடுவார்கள். 2023-ல் குகேஷும், 2024-ல் அரவிந்த் சிதம்பரமும், 2025-ல் ஜெர்மனியின் வின்சென்ட் கைமரும் அதை வென்றார்கள்.

ஓப்பனில் நுழைவுக் கட்டணம் கட்டினால் நீங்களும் ஆடலாம். சில போட்டிகளில் குறைந்தபட்ச ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) கேட்பார்கள்; சிலவற்றில் ஏ, பி, சி என்று பிரித்துவிடுவார்கள். பெரிய கிராண்ட்மாஸ்டர்களுக்குக் கட்டணம் இருக்காது, தங்குமிடமும் கொடுத்து வரவழைப்பார்கள். மற்றவர்கள் சொந்தக் காசில் வருகிறவர்கள். உலகத் தரவரிசையில் இருப்பவரும் பத்து வயதுப் பையனும் ஒரே அரங்கில் உட்காருவது இந்த வகைப் போட்டியில்தான்.

நூறு பேருக்கு மேல் ஆடுகிறார்கள், ஒன்பதே சுற்றுதான். எப்படி முடிவு தெரியும்?

இதற்கு ஸ்விஸ் முறை என்று பெயர். 1895-ல் சூரிச் நகரப் போட்டி ஒன்றில் முதன்முதலில் பயன்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. யாரையும் வெளியேற்ற மாட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே புள்ளியில் இருப்பவர்களைச் சேர்த்து மோதவிடுவார்கள். ஒரே ஆளுடன் இரண்டாம் முறை ஆட வேண்டியதில்லை. வெள்ளையும் கறுப்பும் முடிந்தவரை மாறி மாறி வரும்.

ஒரு உதாரணம். 120 பேர் ஆடுகிறார்கள். ரேட்டிங்படி வரிசைப்படுத்தி இரண்டாக வெட்டுவார்கள். 1-ம் எண்காரருக்கு 61, 2-ம் எண்காரருக்கு 62. நம்ம ஆள் 75-ல் இருந்தால் முதல் சுற்றில் அவருக்கு 15-ம் எண். பெரிய கிராண்ட்மாஸ்டரிடம் அடி வாங்கினால் பூஜ்யப் புள்ளிக் கூட்டத்துக்கு வருவார். இரண்டாம் சுற்றில் அவரைவிடப் பலவீனமான ஒருவர் கிடைப்பார். ஜெயித்தால் மூன்றாம் சுற்றில் மறுபடி கடினமான ஆள். ஐந்து, ஆறாம் சுற்று வாக்கில்தான் அவருக்கு நிகரான ஆட்கள் எதிரே உட்கார ஆரம்பிப்பார்கள். அதனால் முதல் மூன்று சுற்று முடிவுகளை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது.

ஆட்கள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவருக்கு எதிராளி இருக்க மாட்டார். அவருக்கு ‘பை’ என்று சும்மா ஒரு புள்ளி கிடைக்கும். விமானம் தாமதம், உடம்பு சரியில்லை என்று முன்கூட்டியே சொல்லிக் கேட்டு வாங்குகிற அரைப்புள்ளி ‘பை’ வேறு.

யாரைப் பின்தொடர்வது? பிரபலமானவரைத் தேர்ந்தெடுத்தால் என்ன?

தேர்ந்தெடுக்கலாம், தவறில்லை. ஆனால் முதல் பத்து பேரின் கதையை மறுநாள் நாளிதழே சொல்லிவிடும். ஓப்பனில் ருசியான பகுதி 20-க்கும் 80-க்கும் நடுவில் இருக்கிறது. அங்கேதான் நார்முக்காக (பட்டத்துக்கு வேண்டிய தகுதிப் படி, கீழே சொல்கிறேன்) தவிப்பவர்கள், ரேட்டிங் எகிறப்போகிற சிறுவர்கள், முப்பது வயதுக்கு மேல் கடைசி முயற்சியாக வந்தவர்கள் எல்லாரும் இருப்பார்கள்.

என் வழி இதுதான். ஆரம்ப வரிசைப் பட்டியல் வந்ததும் இந்தியக் கொடி உள்ளவர்களைத் தனியாகப் பார்ப்பேன். அதில் தமிழ்நாடு, புதுச்சேரி ஆட்களைப் பெயரை வைத்து ஊகித்துவிடலாம். ரேட்டிங் 2300-லிருந்து 2450-க்குள் இருக்கும் ஒருவரைப் பிடிப்பேன். அந்த உயரத்தில் இருப்பவருக்கு எல்லாமே நடக்கும்: பெரிய ஆளை வீழ்த்துவார், சின்னப் பையனிடம் தோற்பார், எட்டாம் சுற்றில் அவருடைய நார்ம் ஒரு நூலில் தொங்கும்.

இன்று நமக்குப் பெரிய பெயர்களாகத் தெரிபவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் அந்தப் பட்டியலின் நடுவில் இருந்தவர்கள்தான். குகேஷ் 12 வயது 7 மாதம் 17 நாளில் கிராண்ட்மாஸ்டர் ஆனது 2019 ஜனவரியில் டெல்லி ஓப்பனில். காரைக்குடி பிரணேஷ் இந்தியாவின் 79-வது கிராண்ட்மாஸ்டர் ஆனது 2023 ஜனவரியில், ஸ்டாக்ஹோமில் ரில்டன் கோப்பையை வென்ற கையோடு. ஈரோடு இனியனும் ஐரோப்பிய ஓப்பன்களைச் சுற்றிச் சுற்றி ஆடியே வளர்ந்தவர்.

செஸ்-ரிசல்ட்ஸ் தளத்தைத் திறந்தால் வெறும் எண்ணாக இருக்கிறது. எதைப் பார்ப்பது?

அநேகமாக எல்லா ஓப்பன்களின் முடிவுகளும் அங்கேதான் வருகின்றன. பார்க்க அரசு அலுவலகப் பதிவேடு மாதிரி இருக்கும், அழகெல்லாம் கிடையாது. மூன்று பக்கங்கள் தெரிந்தால் போதும்.

முதலாவது ஆரம்ப வரிசை. ரேட்டிங்படி யாருக்கு எந்த எண் என்று இதில் இருக்கும். போட்டி முடியும் வரை அந்த எண்தான் அவருக்கு அடையாளம். இரண்டாவது, ஒவ்வொரு சுற்றின் பேரிங், அதாவது யாரோடு யார் என்ற ஜோடிப் பட்டியல். மேசை எண், இரண்டு பெயர்கள், அதுவரை எடுத்த புள்ளிகள். மேசை எண் சிறியதாக ஆக ஆக நம்ம ஆள் மேலே ஏறுகிறார் என்று அர்த்தம். நேற்று 41, இன்று 18 என்றால் வீட்டில் ஒரு காபி போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: குறுக்கு அட்டவணை. அதில் ஒரு கட்டத்தில் 45, அதை ஒட்டி டபிள்யூ என்ற எழுத்து, அதற்குப் பிறகு 1 என்று இருந்தால், 45-ம் எண்காரரோடு வெள்ளைக் காயில் ஆடி ஜெயித்தார் என்று பொருள். பி என்றிருந்தால் கறுப்பு. அரை என்றால் டிரா, 0 என்றால் தோல்வி. ஒரே வரியில் ஒருவருடைய ஒன்பது நாள் வாழ்க்கையும் இருக்கும். தொடர்ந்து இரண்டு பூஜ்யம், அப்புறம் மூன்று வெற்றி என்று ஒரு வரியைப் பார்த்தால், நடுவில் என்ன நடந்தது, யார் தட்டிக்கொடுத்தார்கள் என்று யோசிக்கத் தோன்றும்.

நாடுவாரியாகப் பார்க்கும் வசதியும் உண்டு. இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால், அந்தச் சுற்றில் நம்மவர்கள் ஆடிய ஆட்டங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். தினமும் இரவு தூங்கும் முன் பார்க்க இது ஒன்று போதும்.

ஆட்டத்தை நேரலையில் எங்கே பார்ப்பது? காசு கட்ட வேண்டுமா?

லிச்செஸ் தளத்தில் நேரலைப் பகுதி இலவசம், விளம்பரமும் கிடையாது. செஸ்.காம் தளத்திலும் பெரிய போட்டிகள் வரும். இந்திய வீரர்கள் அதிகம் ஆடும் போட்டி என்றால் செஸ்பேஸ் இந்தியாவின் யூடியூப் பக்கத்தில் அரங்கத்திலிருந்தே காட்சிகள் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். எல்லா மேசைகளும் நேரலையில் வராது. காய் நகர்வதை உணர்ந்து அனுப்பும் மின்னணுப் பலகைகள் விலை அதிகம். அதனால் மேல் மேசைகள் சிலவற்றுக்கு மட்டும்தான் போடுவார்கள். நம்ம ஆள் கீழே இருக்கும் நாட்களில் முடிவு மட்டும்தான் தெரியும். அவர் ஜெயித்து நேரலை மேசைக்கு ஏறும் நாள் நமக்கும் திருவிழா.

ஏமாற்று வேலையைத் தடுக்க, சில போட்டிகளில் காய் நகர்த்தலைக் கால் மணி நேரம் தாமதித்து அனுப்புகிறார்கள். நீங்கள் பதறிக்கொண்டிருக்கும் அதே நிமிடத்தில் அங்கே அவர் கைகுலுக்கிவிட்டு வெளியே போயிருப்பார்.

நேரலையில் ஆட்டம் முடியும்போது ராஜா திடீரென்று பலகை நடுவுக்குப் பறக்கிறதே, அது என்ன நகர்த்தல்?

அது நகர்த்தலே இல்லை. ஆட்டம் முடிந்ததும் முடிவைப் பலகைக்குத் தெரிவிக்க, இரண்டு ராஜாக்களையும் நடுவில் இருக்கும் நான்கு கட்டங்களில் வைப்பார்கள். இரண்டும் வெள்ளைக் கட்டத்தில் நின்றால் வெள்ளை வென்றது. இரண்டும் கறுப்புக் கட்டத்தில் என்றால் கறுப்பு வென்றது. ஒன்று வெள்ளையிலும் ஒன்று கறுப்பிலும் என்றால் டிரா. சில சமயம் நேரலை மென்பொருள் இதையும் ஒரு காய் நகர்த்தலாக எடுத்துக்கொண்டு காட்டிவிடும். “அடப்பாவி, ராஜாவைக் கொண்டுபோய் வெட்டக் கொடுத்துட்டானே” என்று புதிதாகப் பார்ப்பவர்கள் அலறுவது இந்த இடத்தில்தான்.

ஓரத்தில் ஏறி இறங்குகிற எண்ணை நம்பலாமா?

அது ஸ்டாக்ஃபிஷ் போன்ற இன்ஜினின், அதாவது செஸ் ஆடும் கணினி நிரலின் கணக்கு. கூட்டல் 0.3 என்றால் கிட்டத்தட்ட சமம். கூட்டல் 2-க்கு மேல் போனால் வெள்ளை ஜெயிக்க வேண்டிய நிலை. ‘வேண்டிய’ என்பதுதான் முக்கியம். இன்ஜினுக்குப் பசிக்காது, கடிகாரம் உறுத்தாது. எதிரே இருப்பவரின் முகத்தையும் அது பார்க்காது. கடிகாரத்தில் ஒரு நிமிடம் மட்டும் மிச்சம் இருக்கும் 2350 ரேட்டிங்காரருக்கு அந்தக் கூட்டல் 2 எந்த உத்தரவாதமும் தராது.

நான் எண்ணை மறைத்துவைத்துவிட்டுக் கடிகாரத்தைத்தான் பார்ப்பேன். யார் எந்த இடத்தில் இருபது நிமிடம் யோசித்தார் என்பது ஆட்டத்தைப் பற்றி நிறையச் சொல்லும். தயாரித்து வந்த ஓப்பனிங் (ஆரம்ப நகர்த்தல்கள்) தீர்ந்துபோன இடம் அங்கேயே தெரிந்துவிடும். எண்ணையே பார்த்துக்கொண்டு “இவனுக்கு இதுகூடத் தெரியலையே” என்று கிராண்ட்மாஸ்டரைத் திட்டுகிறவர்களோடு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது கொஞ்சம் கஷ்டம்.

நம் நேரத்துக்கு எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்? எவ்வளவு நேரம் போகும்?

அங்கே பிற்பகல் 3 மணிக்குச் சுற்று தொடங்குவதாக வைத்துக்கொண்டால்: சமர்கந்தில் என்றால் நமக்கு 3.30. தோஹாவில் என்றால் மாலை 5.30. ஸ்பெயின், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்றால் கோடையில் 6.30, குளிர்காலத்தில் 7.30. ஐஸ்லாந்து என்றால் இரவு 8.30. பிரான்சில் சொந்தக்காரர்கள் இருக்கும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றரையா, நாலரையா என்று பார்த்துத்தானே பெரியம்மாவுக்குப் போன் போடுகிறார்கள்.

ஓப்பன்களில் பரவலாக இருக்கும் நேரக் கணக்கு ஒன்று: 40 நகர்த்தலுக்கு 90 நிமிடம், பிறகு 30 நிமிடம், முதலிலிருந்தே ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். 60 நகர்த்தல் ஆட்டம் என்றால் ஒருவருக்கு 150 நிமிடம், இருவருக்கும் சேர்த்து ஐந்து மணி நேரம். அப்படியானால் ஐஸ்லாந்து ஆட்டம் நமக்கு நள்ளிரவு ஒன்றரை வரை இழுக்கலாம். முழுக்க விழித்திருக்க வேண்டியதில்லை. முதல் ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டு, மூன்றாவது மணி நேரத்திலிருந்து பாருங்கள். 40-வது நகர்த்தல் நெருங்கும்போதுதான் கடிகாரம் கழுத்தைப் பிடிக்கும், தப்புகள் அப்போதுதான் வரும்.

தோஹா போட்டி எனக்கு ரொம்ப வசதி. வேலை முடிந்து கடலூர் பஸ் ஏறும்போது ஆட்டம் தொடங்கியிருக்கும். ரெட்டிச்சாவடி தாண்டும்போது ஓப்பனிங் முடிந்திருக்கும். வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் சரியாக டைம் பிரஷர்.

கடைசிச் சுற்றை மட்டும் பெரும்பாலும் முன்கூட்டியே, காலையில் வைத்துவிடுவார்கள். பரிசளிப்பு விழா இருக்கிறதே. சாயங்காலம்தானே என்று இருந்துவிட்டால் ராஜாக்கள் நடுவில் நிற்பதைத்தான் பார்ப்பீர்கள்.

மழைக்காலத்தில் நெட்டும் கரண்டும் போய்விட்டால்?

செஸ்ஸைப் போல இலேசான விளையாட்டு வேறு இல்லை. வீடியோவை விடுங்கள். ஒரு முழு ஆட்டத்தின் குறிப்பும் ஒரு நீளமான வாட்ஸ்ஆப் செய்தி அளவுதான். 2ஜி அளவுக்குச் சிக்னல் வந்தாலும் இறங்கிவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, சிங்கப்பூரில் குகேஷ், டிங் லிரென் மோதலின் 5-வது ஆட்டம். மறுநாள் 6-வது. இரண்டும் டிரா. வெளியூரில் இருக்கும் ஒருவர் நகர்த்தல் குறிப்பை மட்டும் அனுப்பிவைத்தால் போதும். வீட்டுப் பலகையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காய்களை நகர்த்திப் பார்க்கலாம். குறிப்பு படிக்கத் தெரியாவிட்டால் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

எல்லாரும் ‘நார்ம்’, ‘நார்ம்’ என்கிறார்களே, அது என்ன?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் ஓப்பன் பாதி புரிந்த மாதிரி.

கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு இரண்டு விஷயம் வேண்டும். ரேட்டிங் ஒரு முறையாவது 2500-ஐத் தொட வேண்டும். அதோடு, மொத்தம் 27 ஆட்டங்களாவது வரும்படி, வழக்கமாக மூன்று நார்ம் எடுக்க வேண்டும். நார்ம் என்றால் ஒரு போட்டி முழுக்க 2600 ரேட்டிங்காரரைப் போல ஆடியதாகக் கணக்கு வருவது. அதற்கு ஒரு படி கீழே உள்ள இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டத்துக்கு அந்த எண் 2450, ரேட்டிங் 2400.

எத்தனை புள்ளி எடுக்க வேண்டும் என்பது எதிராளிகளைப் பொறுத்தது. ஒன்பது சுற்றில் எதிராளிகளின் சராசரி 2434 என்றால் கிராண்ட்மாஸ்டர் நார்முக்கு ஆறரைப் புள்ளி வேண்டும். சராசரி 2475 என்றால் ஆறு போதும். 2520 என்றால் ஐந்தரை. அதனால் ஏழு புள்ளி எடுத்தவருக்கு நார்ம் கிடைக்காமல், ஐந்தரை எடுத்து இருபதாம் இடத்தில் நிற்பவருக்குக் கிடைப்பது உண்டு. பரிசு மேடையில் நிற்பவரைவிடச் சுவரோரம் நிற்பவர் அதிகம் சிரித்துக்கொண்டிருந்தால் காரணம் இதுதான்.

அதோடு முடியவில்லை. ஒன்பது எதிராளிகளில் மூன்று பேராவது கிராண்ட்மாஸ்டராக இருக்க வேண்டும், பாதிப் பேராவது பட்டம் பெற்றவர்களாக இருக்க வேண்டும். பொதுவாக எல்லாரும் நம் நாட்டுக்காரர்களாகவே இருந்தாலும் ஆகாது, பிற நாட்டவரும் வேண்டும். இப்போது நம்ம ஆளை யோசித்துப் பாருங்கள். எட்டுச் சுற்று முடிந்துவிட்டது, ஆறு புள்ளி, சராசரியும் நன்றாக இருக்கிறது. ஆனால் இதுவரை இரண்டே கிராண்ட்மாஸ்டர்களோடுதான் ஆடியிருக்கிறார். கடைசிச் சுற்று பேரிங்கில் மூன்றாவது கிராண்ட்மாஸ்டர் வந்தால் தப்பித்தார். பட்டம் இல்லாத சிறுவன் வந்தால், அவனை ஜெயித்தாலும் நார்ம் இல்லை. பேரிங் ஒட்டும் பலகை முன்னால், அல்லது இப்போதெல்லாம் போன் திரை முன்னால், அப்பாக்கள் நகம் கடித்துக்கொண்டு நிற்பது இதற்குத்தான். “பேரிங் போட்டாச்சா?” என்ற கேள்வி செஸ் வட்டாரத்தில் அவ்வளவு கனமான கேள்வி.

வைஷாலியின் கதையே நல்ல உதாரணம். அவருடைய கடைசி நார்ம் 2023 அக்டோபரில் கத்தார் மாஸ்டர்ஸ் ஓப்பனில் கிடைத்தது. ரேட்டிங் 2500-ஐத் தொடாததால் பட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. டிசம்பரில் ஸ்பெயினில் எல் லோப்ரெகாட் ஓப்பனின் ஆரம்பச் சுற்றுகளிலேயே அதைத் தாண்டி, ஹம்பி, ஹரிகாவுக்குப் பிறகு கிராண்ட்மாஸ்டர் ஆன மூன்றாவது இந்தியப் பெண்ணானார்.

பெண்களுக்குத் தனிப் போட்டி இல்லையா?

ஓப்பனில் ஆண், பெண் எல்லாரும் ஒன்றாகத்தான் ஆடுவார்கள். சிறந்த பெண் வீரருக்குத் தனிப் பரிசு இருக்கும். கிராண்ட் ஸ்விஸ் போன்ற தகுதிப் போட்டிகளில்தான் பெண்கள் பிரிவு தனி. அதை 2023-ல் மேன் தீவிலும், 2025-ல் சமர்கந்திலும் அடுத்தடுத்து வென்றவர் வைஷாலி.

மிகப் பெரிய வீரர்கள் ஓப்பனில் அதிகம் ஆடுவதில்லையே, ஏன்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2700 ரேட்டிங்காரர் 2500 ரேட்டிங்காரரோடு டிரா செய்தால் 2.6 புள்ளி போய்விடும். அதே நேரம் 2250-ல் இருக்கும் ஒருவர் 2520-ஐ டிரா செய்தால் 6.6 புள்ளி கிடைக்கும். பதினெட்டு வயதுக்குட்பட்டவராக இருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு. மேலே இருப்பவருக்கு நஷ்டம், கீழே இருப்பவருக்கு லாபம். போதாததற்கு இந்தியச் சிறுவர்களில் பலர் தங்கள் ரேட்டிங்கைவிட நூறு புள்ளி பலமாக ஆடுகிறவர்கள். ஐரோப்பியக் கிராண்ட்மாஸ்டர்கள் முதல் சுற்றில் நம் கொடியைப் பார்த்தால் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023 கத்தார் மாஸ்டர்ஸ் இருக்கிறது. முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன் ஆட வந்தார். ஏழாவது சுற்றில் தஞ்சாவூரில் பிறந்த கார்த்திகேயன் முரளி கறுப்புக் காயில் அவரை வீழ்த்தினார். கிளாசிக்கல் எனப்படும் நீண்ட நேர ஆட்டத்தில் கார்ல்சனை வென்ற இந்தியர்களில், ஆனந்த், ஹரிகிருஷ்ணாவுக்குப் பிறகு மூன்றாவது ஆள்.

முதல் சுற்றில் வேண்டுமென்றே டிரா செய்தால் சுலபமான எதிராளிகள் கிடைப்பார்கள் என்கிறார்களே?

ஸ்விஸ் கேம்பிட் என்று கிண்டலாகச் சொல்வார்கள். வேண்டுமென்று யாரும் செய்வதாக நான் நம்பவில்லை. தோற்றவர்கள் பிற்பாடு சொல்லிக்கொள்கிற ஆறுதல்.

சமப் புள்ளியில் முடிந்தால் யாருக்குக் கோப்பை?

போட்டிக்குப் போட்டி மாறும். அதிகம் பயன்படுவது புக்ஹோல்ஸ். நீங்கள் ஆடிய எதிராளிகள் எல்லாரும் மொத்தம் எவ்வளவு புள்ளி எடுத்தார்கள் என்ற கூட்டல். கடினமான பாதையில் வந்தவருக்கு முன்னுரிமை என்பது அதன் நியாயம். பெரும்பாலும் மிகக் குறைந்த புள்ளி எடுத்த எதிராளி ஒருவரைக் கணக்கில் தள்ளிவிடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடைசிச் சுற்றில் உங்கள் ஆள் தன் ஆட்டத்தை முடித்துவிட்டாலும் வேலை தீராது. அவரிடம் முன்பு தோற்ற எல்லாரும் இப்போது ஜெயிக்க வேண்டும். நேற்று வரை எதிரியாக இருந்த ஒரு நார்வேக்காரருக்காக, 54-ம் மேசையில் அவர் ஜெயிக்க வேண்டுமே என்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து வேண்டிக்கொள்வோம்.

சில போட்டிகளில் பிளிட்ஸ் (சில நிமிடங்களில் முடியும் அதிவேக) ஆட்டம் வைத்து முடிவு செய்வார்கள். 2023 கத்தாரில் உஸ்பெகிஸ்தானின் யாகுபோயேவ், அப்துசத்தோரோவ் இருவரும் சமமாக முடிக்க, பிளிட்ஸில் யாகுபோயேவ் வென்றார்.

நேரில் போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. சென்னை, டெல்லி, புவனேஸ்வர், மும்பை என்று இந்தியாவிலேயே சர்வதேச ஓப்பன்கள் நடக்கின்றன. சென்னையில் என்றால் புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் மூன்று, நான்கு மணி நேரம். 2022 ஜூலை, ஆகஸ்டில் செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்திலேயே நடந்தபோது நமக்கு அது பாதி வழிதான். குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்தது அங்கேதான்.

பார்வையாளர்களை உள்ளே விடுகிறார்களா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். போனை வெளியே வைக்கச் சொல்வார்கள், மறுக்காமல் வையுங்கள். ஆடுகிறவரின் பையில் போன் இருந்தாலே ஆட்டம் போய்விடும் அளவுக்குக் கறார். கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கலாம். பேச்சு, கிசுகிசு, தலையாட்டல் எதுவும் கூடாது. படம் எடுப்பதென்றால் முதல் சில நிமிடங்கள்தான்.

ஒரே ஒரு நாள்தான் போக முடியும் என்றால் ஏழாவது அல்லது எட்டாவது சுற்றைத் தேர்ந்தெடுங்கள். கோப்பை, நார்ம் இரண்டும் திறந்திருக்கும் சமயம் அது. உள்ளே பார்த்தது போதும் என்று தோன்றினால் வெளியே வராந்தாவுக்கு வாருங்கள். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், ஸ்வெட்டரோடு பெற்றோர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பும். வருகிற பிள்ளையின் நடையைப் பார்த்தே முடிவைச் சொல்லிவிடும் அம்மாக்கள் அங்கே இருக்கிறார்கள்.

தெரிந்த பையன் வெளிநாட்டில் ஆடுகிறான். நடுவில் வாழ்த்துச் சொல்லலாமா?

சுற்றுக்கு முன்னாலும் வேண்டாம், தோற்ற இரவிலும் வேண்டாம். “இன்ஜின் கூட்டல் 4 காட்டியதே, எப்படி விட்டே?” என்று எக்காலத்திலும் கேட்க வேண்டாம், அவனுக்கு அது ஏற்கெனவே தெரியும். அவன் பெற்றோரிடம் “நார்ம் வந்துருமா?” என்று கேட்பதும் அதே ரகம். ஒன்பதாவது சுற்று முடிந்த பிறகு கூப்பிடுங்கள்.

ஒருவர் ஒரு போட்டியில் சொதப்பினால் அவர் கதை முடிந்ததா?

2022 ஏப்ரலைப் பாருங்கள். ரெய்க்யவிக் ஓப்பனின் கடைசிச் சுற்றில் பிரக்ஞானந்தா, குகேஷ் இருவரும் மோதினார்கள். பிரக்ஞானந்தா ஜெயித்து ஏழரைப் புள்ளியோடு கோப்பையை வாங்கினார். தோற்ற குகேஷ் ஊருக்குத் திரும்பி உட்காரவில்லை. ஸ்பெயினில் லா ரோடா, மெனோர்கா, ஃபார்மென்டேரா என்று அடுத்தடுத்து மூன்று ஓப்பன்களை வென்றார். ஒரே போட்டியைப் பார்த்து நிறுத்திவிட்டவர்களுக்கு அவர் தோற்றவர், தொடர்ந்து பார்த்தவர்களுக்கு வேறு ஆள். ஒரே வீரரை இரண்டு, மூன்று போட்டிகளுக்குத் தொடருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எந்தெந்தப் போட்டிகளைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்?

டிசம்பர் 27 வாக்கில் ஸ்டாக்ஹோமில் ரில்டன் கோப்பை, ஜனவரி முதல் வாரம் வரை. மார்ச், ஏப்ரலில் ரெய்க்யவிக். 1964-ல் முதல் போட்டியிலேயே முன்னாள் உலக சாம்பியன் மிகைல் தால் 13 ஆட்டங்களில் பன்னிரண்டரைப் புள்ளி எடுத்து வென்ற பழம்பெரும் ஓப்பன் அது. மே மாத வாக்கில் ஷார்ஜா. ஜூலையில் சுவிட்சர்லாந்தின் பீல், ஆகஸ்டில் பார்சிலோனாவின் சான்ட்ஸ், டிசம்பரில் சிட்ஜஸ். டெல்லி ஓப்பனின் மாதம் மாறிக்கொண்டே இருக்கும், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரில்டன் கோப்பையிலிருந்து தொடங்குவது வசதி. பள்ளிக்கு அரையாண்டு விடுமுறை, ஆட்டமும் ஐஸ்லாந்து அளவுக்கு இழுக்காது. ஆரம்ப வரிசை பெரும்பாலும் சில நாள் முன்பே வந்துவிடும், ஆளை அப்போதே தேர்ந்தெடுத்துவிடலாம். கடைசி நேரத்தில் ஒன்றிரண்டு பேர் சேர்ந்தால் எண்கள் கொஞ்சம் நகரும், அதனால் முதல் சுற்று பேரிங் வந்த பிறகு அவருடைய எண்ணை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.